அடிவானம் இல்லாத நிலம்: ஆதிமூலத்தின் வர்ணங்கள் குறித்துத் தாமதமாகச் சில வார்த்தைகள்

1

எடமலைப்பட்டி புதூரில் என் வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பையன், ஆறாம் வகுப்பு படிப்பவன், ஒரு நாள் தான் வரைந்த படத்தைக் கொண்டுவந்து காட்டினான். இரண்டு மலைகள். இரண்டும் முக்கோணங்கள். நடுவில் பாதிச் சூரியன். சூரியனுக்குக் கீழிருந்து ஒரு ஆறு கிளம்பி, வரவர அகன்று, தாளின் அடிவரை வந்து நின்றுவிடுகிறது. ஆற்றின் ஒரு கரையில் குடிசை, இன்னொரு கரையில் தென்னை. வானத்தில் நாலைந்து பறவைகள்.

"இது எந்த மலைடா?" என்று கேட்டேன்.

"மலைதான் தாத்தா."

"நீ பார்த்த மலையா?"

என்னை இரக்கத்தோடு பார்த்தான். "இது டிராயிங் மலை தாத்தா" என்றான்.

எங்கள் மொட்டை மாடியில் ஏறி நின்றால் வடக்கே, வீடுகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் மேலாக மலைக்கோட்டை தெரியும். கிழக்கே பொன்மலை. ஊரின் பேருக்கு நடுவிலேயே ஒரு மலை உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவும் இருந்து, அந்தப் பையன் பார்த்த மலை வேறு, வரைகிற மலை வேறு. மலைக்கோட்டை முக்கோணமல்ல. ஒரு பக்கம் சரிந்து, இன்னொரு பக்கம் செங்குத்தாக இறங்கி, உச்சியில் பிள்ளையாரை வைத்துக்கொண்டு, எவனோ கீழே வைத்துவிட்டு மறந்துபோன ஒரு மூட்டை மாதிரி இருக்கிறது. அதை அவன் தினம் பார்க்கிறான். பார்ப்பது கைக்கு வந்து சேரவில்லை.

பையனைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவன் சொன்ன வார்த்தையில் ஒரு முழு சரித்திரம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நிலக்காட்சி ஓவியம் என்பதே பெரும்பாலும் டிராயிங் மலைதான். நாடகக் கம்பெனிகளின் படுதாக்களில் காடு சீன், தெரு சீன், தர்பார் சீன் என்று எழுதிவைத்தார்கள். எந்தக் காடு என்று யாரும் கேட்கவில்லை; வள்ளிக்கும் அந்தக் காடுதான், அரிச்சந்திரனுக்கும் அந்தக் காடுதான். போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் அந்தப் படுதாவை வாங்கி நம் தாத்தா பாட்டிகளின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டார்கள். படுதா எழுதிக்கொண்டிருந்து கோவில்பட்டியில் வந்து தங்கிய கொண்டையராஜு (1898–1976) காலண்டரில் முருகனுக்குப் பின்னால் ஒரு மலையையும் ஓடையையும் வைத்தார். அவர் கை தேர்ந்த கை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மலையில் ஏற முடியாது. அது முருகனுக்காக நிற்கிறது. அங்கிருந்து பள்ளிக்கூட டிராயிங் நோட்டுக்கு அதிக தூரமில்லை.

இந்தப் பின்னணியில்தான், துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் 1938இல் பிறந்த கே.எம். ஆதிமூலம் தன் ஆயுளின் பின்பாதி முழுவதும் நிலத்தை வரைந்துகொண்டிருந்தார் என்பதைப் பார்க்க வேண்டும். அவர் 2008 ஜனவரியில் இறந்தார். அவருடைய வர்ண ஓவியங்களைப் பற்றி எனக்கு நெடுங்காலம் ஒரு தீர்மானமான அபிப்பிராயம் இருந்தது. அது தவறு என்று இப்போது நினைக்கிறேன். எப்படித் தவறானது என்பதைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

2

முதலில் இந்த ஊரை வரைந்தவர்களைப் பற்றி. தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் 1792இல் தென்னாட்டைச் சுற்றி வந்தபோது திருச்சிக்கு வந்தார்கள். மலைக்கோட்டையைக் காவிரியின் பக்கமிருந்து வரைந்தார்கள். 1795க்கும் 1808க்கும் இடையில் லண்டனில் அவர்கள் வெளியிட்ட 144 படங்களின் வரிசையில் திருச்சியும் இருக்கிறது.

இவர்கள் வேலை செய்த முறை கவனிக்கத்தக்கது. காமிரா அப்ஸ்க்யூரா என்கிற பெட்டியை உடன் கொண்டுபோனார்கள். துளை வழியே நுழையும் வெளிச்சம் எதிரே இருப்பதைத் தாளின் மேல் வீழ்த்தும்; அதன் மேல் பென்சிலை ஓட்டினால் அளவு பிசகாது. இடத்தில் எடுத்தது பென்சில் குறிப்பும் லேசான வர்ணமும். பிறகு ஊர் திரும்பி, செப்புத் தகட்டில் அமிலம் வைத்து அரித்து, சாம்பல் சாயைகளை அடுக்கி, அச்சிட்டு, மேலே கையால் வர்ணம் தீட்டினார்கள். பார்த்ததற்கும் படம் வந்ததற்கும் நடுவே பல வருஷங்கள், ஒரு சமுத்திரம்.

இவர்களை ஏளனம் செய்வது சுலபம். நான் செய்யப் போவதில்லை. கோபுரத்தையும் மண்டபத்தையும் அவர்கள் அளந்த பொறுமை நம்மவர்களுக்கு அன்று இருக்கவில்லை. ஆனால் அந்தப் படங்களில் ஒன்று கவனியுங்கள். 1792 மார்ச்சில்தான் திப்புவோடு நடந்த மூன்றாம் மைசூர் யுத்தம் முடிந்திருந்தது. அதற்கு நாற்பது வருஷம் முன்னால் இதே பாறையைச் சுற்றித்தான் பிரெஞ்சுக்காரர்களும் இங்கிலீஷ்காரர்களும் நவாபுகளும் வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். படத்தில் அதன் சுவடே இல்லை. சாந்தமான தண்ணீர், சாந்தமான வானம், அளவுக்காக நிறுத்தப்பட்ட நாலு மனிதர்கள். நிலம் அங்கே ஒரு காட்சி. பார்ப்பவன் அதற்கு வெளியே, சௌகரியமான தூரத்தில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிறான். அவனுக்கும் நிலத்துக்கும் நடுவில் அடிவானம் என்று ஒரு கோடு. அந்தக் கோட்டில்தான் எல்லாம் தொங்குகிறது.

இன்னொன்று. அவர்கள் பார்த்தது ஆற்றுப் பக்கத்துத் திருச்சி. ஸ்ரீரங்கம், காவிரி, கொள்ளிடம், தோப்பு. எடமலைப்பட்டி புதூர் பக்கத்திலிருந்து, அதாவது தெற்கிலிருந்து, மேட்டு நிலத்திலிருந்து, பாறையும் கருவேலும் வறண்ட காலத்தில் மணல் கோடாகக் கிடக்கும் கோரையாறுமாகப் பார்த்தால் இந்த ஊர் வேறு. இந்தப் பக்கத்தை யாரும் படம் எழுதவில்லை. எழுதுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கும் கேட்பார்கள்.

3

நம் கவிதையில் நிலம் காட்சியாக இருந்ததே இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் சொல்கிறது. நிலத்தைச் சொன்னால் கூடவே ஒரு வேளை, ஒரு பருவம், ஒரு பறவை, ஒரு மனநிலை எல்லாம் வந்துவிடும். வெளியே நின்று பார்க்கிறவன் என்று ஒருவன் அதில் கிடையாது. நிற்கிறவளும் காத்திருக்கிறவளும்தான் உண்டு. இதை நாம் மேடைகளில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சொல்லிக்கொண்டபின் வீட்டுக்குப் போய்ச் சுவரில் ஸ்விட்சர்லாந்து காலண்டரை மாட்டுகிறோம்.

திணை என்பது ஓவியத்தில் என்னவாக ஆகியிருக்க முடியும்? இதற்கு ஒரு பதில் திருச்சிக்குத் தெற்கே, புதுக்கோட்டைப் பக்கம், சித்தன்னவாசலில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். சமணக் குகைக் கோயிலின் முன்மண்டப விதானத்தில் ஒரு தாமரைக் குளம். மீன், வாத்து, யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள். இலைகளும் தண்டுகளும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அந்தக் குளத்துக்குக் கரை இல்லை. அடிவானம் இல்லை. ஒரு இடத்தில் நின்று பார்க்கவும் முடியாது. கழுத்தை மேலே திருப்பிக்கொண்டு நடந்து பார்க்க வேண்டும். குளம் தலைக்கு மேலே இருக்கிறது. நாம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறோம். செங்காவியும் மஞ்சட்காவியும் சுண்ணாம்பும் கரியும் பச்சை மண்ணுமாக, அந்தச் சுற்றுவட்டத்துத் தரையையே அரைத்து மேலே பூசியது போல இருக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான்: அடிவானத்தை நம்பாத ஒரு நிலச் சித்திரம் இந்த மண்ணில் ஒரு முறை நடந்திருக்கிறது. பிறகு அது விட்டுப்போயிற்று. பின்னால் வந்த சுவர்களில் கதைதான் முக்கியம். மரமும் மலையும் கதைக்குப் பந்தல்கால். ஆகவே இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் சென்னை ஓவியப் பள்ளியில் ஒரு கிராமத்துப் பையன் வந்து சேர்ந்து நிலத்தை வரைய வேண்டுமென்றால் அவனுக்குக் கையில் கிடைத்தது இரண்டு: ஒன்று படுதாக்காரனின் டிராயிங் மலை, மற்றது வெள்ளைக்காரனின் நீர்வர்ணப் பழக்கம், வெளியில் போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வெளிச்சம் மாறுவதற்குள் கழுவி முடிக்கிற பழக்கம். இரண்டாவதில் பெரிய கைகள் உண்டு. 1957இலிருந்து அந்தப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரே தொடக்கத்தில் நிலக்காட்சிக்காரர்தான். கேரளத்தின் தண்ணீரையும் தென்னையையும் தீட்டியவர். அவர் அதை விட்டு வெளியே வந்து, 1963 வாக்கில் எழுத்துகளும் குறியீடுகளுமான தன் வரிசையைத் தொடங்கினார். ஏன் விட்டார் என்பது ஒரு தனிக் கட்டுரை. விட்டதே ஒரு விமர்சனம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

4

ஆதிமூலம் 1959 வாக்கில் சென்னைக்கு வந்தார். சிற்பி எஸ். தனபால் அவருக்கு வழி காட்டினார். 1966இல் படிப்பு முடிந்தது. நிலத்தோடு அவர் தொடங்கவில்லை. கோட்டோடு தொடங்கினார். காந்தி நூற்றாண்டின் போது, 1969இல், காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்து வைத்தார். இன்றைக்கும் ஆதிமூலம் என்றால் ஜனங்களுக்கு அந்தக் காந்திதான். பிறகு ராஜாக்களையும் மகாராஜாக்களையும் வரைந்தார். கிரீடமும் மீசையும் அப்படியே இருக்க, உள்ளே உடம்பு கரையான் அரித்த மரம் போல உதிர்ந்துகொண்டிருக்கும் ராஜாக்கள். சிறு பத்திரிகைகளின் அட்டைகள், புத்தக முகப்புகள், தலைப்பு எழுத்துகள். 1980களில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது அதற்கு அவர் போட்ட கோடுகளை லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருப்பார்கள்.

இதெல்லாம் ஒருபுறம் நடந்துகொண்டிருந்தபோதே அவர் எண்ணெய் வர்ணத்துக்குப் போய்விட்டார். பெரிய கித்தான்கள். ஆள் இல்லை, முகம் இல்லை, ராஜா இல்லை. கத்தியால் அப்பிய வர்ணம்: ஒரு பரந்த ஆரஞ்சு, அதன் ஓரத்தில் விரிசல் விட்ட நீலம், நடுவே எதற்கோ வழிவிட்டது போல ஒரு வெளிறிய இடம். நான் பார்த்தவற்றில் அடிவானம் என்று விரல் வைத்துக் காட்ட ஒரு கோடு கிடையாது.

அப்போது கல்லூரி முடித்திருந்த நான் சென்னையில் ஒரு காட்சிக்கூடத்தில் இவற்றைப் பார்த்துவிட்டு, டீக்கடையில் நண்பர்களிடம் சொன்னேன்: "மனுஷன் கோட்டைத் தொலைச்சுட்டார். இனிமே இது ஓட்டல் வரவேற்பறைக்குத்தான்." எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் இதையே பல இடங்களில், வார்த்தையை மட்டும் மாற்றி, சொல்லி வந்திருக்கிறேன். கறுப்பு வெள்ளை என்றால் நேர்மை, வர்ணம் என்றால் வியாபாரம் என்று ஒரு சமன்பாடு எங்களிடம் இருந்தது. நாங்கள் பத்திரிகை நடத்தியது கறுப்பு மையில். வர்ணத்துக்குக் காசில்லை. காசில்லாததை ஒரு அழகியல் கொள்கையாக மாற்றிக்கொண்டோம் என்பது பிறகுதான் புரிந்தது.

5

அபிப்பிராயம் மாறியது ஒரே நாளில் அல்ல. இரண்டு காரணங்கள் சொல்லலாம்.

ஒன்று, அந்தப் பழைய காந்தி ஓவியங்களை மறுபடி எடுத்துப் பார்த்தது. அவற்றில் கோட்டைத்தான் எல்லோரும் பார்த்தோம், நானும். அந்தச் சிக்கலான, ஒன்றின் மேல் ஒன்று ஏறும் குட்டைக் கோடுகள். இந்த முறை கோடு போடாத இடத்தைப் பார்த்தேன். தாளில் வெள்ளை எவ்வளவு! காந்தியின் மார்பு பெரும்பாலும் வெறும் தாள். நெற்றி வெறும் தாள். ஒரு பக்கம் கோடுகள் வந்து குவிகின்றன. அந்தக் குவியல் இருப்பதால் மறுபக்கத்தின் வெள்ளைக்கு எடை வந்துவிடுகிறது. உருவத்தை நிறுத்துவது கோடு அல்ல, கோடு தொடாமல் விட்ட வெளி. இதைப் புரிந்துகொண்டபின் கித்தான்களை நினைத்துப் பார்த்தால் அங்கே நடப்பதும் இதுதான். நடுவே வெளிறிக் கிடக்கும் அந்த இடம்தான் அந்த வெள்ளைத் தாள். ஓரங்களில் கத்தி போகும் இடத்தில், ஒரு வர்ணம் நின்று இன்னொன்று தொடங்கும் விளிம்பில், பழைய குட்டைக் கோடுகளின் படபடப்பு அப்படியே இருக்கிறது. கோடு தொலையவில்லை. விளிம்பாக மாறியிருக்கிறது. உருவத்தைச் சுமக்கும் கடமையிலிருந்து அதற்கு விடுதலை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம் ஒரு பஸ் பயணம். ஒரு மே மாதம், வேறு காரியமாகத் துறையூர் போனேன். மண்ணச்சநல்லூர் தாண்டியதும் வாய்க்காலின் பச்சை முடிந்துபோகும். பிறகு செம்மண், சோளத்தட்டை, பாறை, புழுதி. உச்சி வேளை. தூரத்தில் பச்சைமலை இருக்க வேண்டிய இடத்தில் மலை இல்லை. நீலம் என்றும் சாம்பல் என்றும் சொல்ல முடியாத ஒரு கனம் மட்டும் இருந்தது. வானத்துக்கும் அதற்கும் நடுவில் விளிம்பே கிடையாது. தரை, மலை, வானம் என்று மூன்று இல்லை. ஒரே வெக்கை மூன்று நிறமாக நின்றது. எனக்குச் சட்டென்று அந்தக் கித்தான்கள் ஞாபகம் வந்தன. அரூபம் என்று நான் பெயர் வைத்து ஒதுக்கியது இந்த ஜில்லாவில் சித்திரை வைகாசியில் தினமும் பன்னிரண்டு மணிக்கு நடக்கிற சமாசாரம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைச் சொன்னவுடன் "ஆஹா, மண்வாசனை" என்று ஒரு கூட்டம் கிளம்பும். கிராமத்தில் பிறந்தான், விவசாயக் குடும்பம், ஆகவே நிலத்தை வரைந்தான். இது விமர்சனம் அல்ல, ஜாதகம். கீராம்பூரில் அவரோடு பிறந்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள், அவர்கள் வரையவில்லை. கித்தானில் கீராம்பூர் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்படித் தேடினால் அது கிடைக்காது. கிடைத்தால் படம் கெட்டுப்போனது என்று அர்த்தம். எனக்கு அந்த பஸ் பயணம் தந்தது ஒரு சாவி மட்டுமே, வீடு அல்ல.

6

அப்படியானால் நிலம் எப்படிப் படமாகிறது? உந்துதல், உள்ளெழுச்சி என்றெல்லாம் சொல்கிறோம். இந்த வார்த்தைகள் ஏதோ மழை மாதிரி மேலிருந்து விழுகிற ஒன்றைக் குறிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஓவியனின் காரியத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

ஸெஸான் தன் ஊரான எய்க்ஸில், ஸேந்த் விக்த்வார் மலையை எண்ணெயிலும் நீர்வர்ணத்திலுமாகப் பல பத்து முறை வரைந்தார். 1902இல் ஊருக்கு வெளியே மேட்டில் பட்டறை கட்டிக்கொண்டது அந்த மலையைப் பார்க்கத் தோதாக இருந்தது. 1906 அக்டோபரில் வெளியில் வரைந்துகொண்டிருக்கையில் மழையில் மாட்டிக்கொண்டு, சில நாட்களில் இறந்துபோனார். அவருக்கு மலை எதிரே இருந்தாக வேண்டும். தினமும் அது அவரைத் தோற்கடிக்க வேண்டும். இது ஒரு வழி.

எஸ்.எச். ரஸா இன்னொரு வழி. மத்தியப் பிரதேசத்துக் காட்டுப் பகுதியில் சிறு வயது; 1950இல் பிரான்ஸ் போய் அறுபது வருஷம் அங்கேயே வாழ்ந்தார். தொடக்கத்தில் பிரெஞ்சுக் கிராமங்களை வரைந்த மனிதரிடம், வயது ஏற ஏற, பின்னால் விட்டுவந்த காட்டின் இருட்டும் சிவப்பும் வந்து சேர்ந்தன. கடைசியில் அது ஒரு கறுப்புப் புள்ளியாக, பிந்துவாக, ஒடுங்கியது. ராம்குமார் 1960இல் ஹுஸேனோடு காசிக்குப் போனவர். அதற்குப் பிறகு அந்தப் படித்துறைகள் அவருடைய கித்தான்களில் உருகி வழிந்துகொண்டே இருந்தன. மனிதர்களைத் தீட்டிக்கொண்டிருந்தவரின் படங்களிலிருந்து மனிதர்களே மறைந்துபோனார்கள்.

பதினோராம் நூற்றாண்டுச் சீனத்தில் குவோ ஸி என்ற நிலக்காட்சி ஓவியர், மலையைக் கிட்டப் போயும் எட்டப் போயும், நாலு பருவத்திலும், காலையிலும் மாலையிலும் பார்த்திருக்க வேண்டும் என்று பாடம் சொன்னார். பார்த்து முடித்தபின் வரைவது அறையில் உட்கார்ந்து. மலை உள்ளே போய்ப் பழகிவிட்டால் பிறகு எதிரே இருக்கத் தேவையில்லை.

ஆதிமூலம் இந்த இரண்டாவது ஜாதி. சென்னையில் அறைக்குள் நின்று வரைந்தவர். ஆனால் மற்றவர்களுக்கு இல்லாத ஒன்று அவருக்கு இருந்தது. நிலத்துக்கு வருவதற்கு முன் ஏறக்குறைய இருபது வருஷம் மனித முகத்தை மையால் வரைந்திருந்தார். மை திருத்தத்தை அனுமதிக்காது. போட்ட கோடு போட்டதுதான். எண்ணெய் வர்ணமோ எதையும் அனுமதிக்கும்: வழித்து எறியலாம், மேலே பூசலாம், நாளைக்கு மாற்றலாம். மையில் பழகிய கை எண்ணெய்க்கு வரும்போது என்ன ஆகும்? இந்தக் கித்தான்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு வர்ணத்தின் அடியில் இன்னொரு வர்ணம் தெரிகிறது. கத்தி மேல்தோலை வழித்த இடத்தில் அடிப்படலம் எட்டிப் பார்க்கிறது. ஆனால் எந்தத் தீற்றலும் தயங்கித் தயங்கிப் போடப்பட்டதாக இல்லை. ஒவ்வொரு கத்தி வீச்சும் ஒரு கோடு போல, திரும்பப் பெற முடியாதது போல, விழுந்திருக்கிறது. அழிக்க வசதி இருந்தும் அழிக்காத கை. அடுக்கின் மேல் அடுக்கு வைப்பதில் காலம் இருக்கிறது. அடுக்கு ஒவ்வொன்றிலும் கணம் இருக்கிறது. நிலமும் பொழுதும் என்ற அந்தப் பழைய ஜோடி இங்கே வர்ணத்தின் பௌதிகத்திலேயே வந்துவிடுகிறது என்று சொன்னால் மிகையாகாது என்று நினைக்கிறேன். திணை என்ற வார்த்தையை அவருக்கு நான் மாலையாகப் போடவில்லை. சித்தன்னவாசல் குளத்துக்கும் இவருக்கும் நேர்ப் பரம்பரை உண்டு என்றும் சொல்லவில்லை. வெளியே நின்று பார்க்கிறவனை நீக்கிவிட்டு நிலத்தை வரைய முடியும் என்பதை இரண்டும் காட்டுகின்றன. அவ்வளவுதான் ஒற்றுமை, அது போதும்.

உந்துதல் என்பதைப் பற்றி இப்போது எனக்குத் தோன்றுவது இது: அது முதலில் வருவதல்ல. பார்த்தது, மறந்தது, வேறு வேலையில் கை பழகியது, இத்தனையும் ஆனபின் மறந்தது கையில் திரும்பி வருகிறது. அது வருவதற்கு கை தயாராக இருக்க வேண்டும். அடுத்த வீட்டுப் பையனுக்குப் பார்வையில் குறை இல்லை. அவன் கைக்குள் ஏற்கெனவே ஒரு மலை இருக்கிறது. வேறு மலை நுழைய இடமில்லை.

7

நிறைவேறாதவற்றையும் சொல்லியாக வேண்டும். பிராயச்சித்தம் செய்கிற ஜோரில் எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டால் அது இன்னொரு தவறு.

பின்னாளைய கித்தான்கள் சிலவற்றில் வர்ணங்கள் ஒன்றுக்கொன்று ரொம்ப இணக்கமாகிவிடுகின்றன. பழைய கோட்டில் இருந்த சண்டை போய்விடுகிறது. பட்டுப் புடவைக் கரையின் பொருத்தம் வந்துவிடுகிறது. அப்போது வெளிறிய இடம் வெளியாக இல்லாமல் வெறும் காலியிடமாக நிற்கிறது. டீக்கடையில் நான் சொன்னது இந்தப் படங்கள் வரை சரிதான். 1990களுக்குப் பிறகு இந்திய ஓவியத்துக்கு வந்த பணம் இந்த மாதிரிப் படங்களையே கேட்டது என்பதும் உண்மை. ஆனால் ஒரு கலைஞனை அவனுடைய சரிவைக் கொண்டு அளந்தால், தமிழில் யார் மிஞ்சுவார்கள்?

இதைவிடக் கனமான ஒரு கேள்வி இருக்கிறது. அந்த நிலத்தில் ஆள் இல்லை. டேனியலின் படத்தில் யுத்தம் காணாமல் போனது போல ஆதிமூலத்தின் நிலத்தில் பஞ்சம் காணாமல் போயிற்றா? கடனும் வெட்டுக்குத்தும் கிணறு தோண்டித் தோற்ற கதையும் உள்ள மண்ணை வர்ணமாக மட்டும் பார்ப்பது ஒரு சலுகை அல்லவா? கி.ரா.வின் கரிசலுக்குக் கோடு போடும்போது ஆட்களை அத்தனை நெருக்கமாக அறிந்த கை, கித்தானுக்கு வந்ததும் ஏன் அவர்களை வெளியே அனுப்பிவிட்டது? இதற்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. காந்தியிலும் ராஜாக்களிலும் மனிதனை எலும்பு வரை பார்த்தாகிவிட்டது. அதன் பின் அவர் வரைந்த நிலம், மனிதன் எழுந்து போன பின் மிச்சமிருக்கும் இடம் போல எனக்குத் தோன்றுகிறது: யாரோ படுத்திருந்த பாயில் தெரியும் தடம். டேனியலின் நிலத்தில் மனிதர்கள் இருந்தும் யாரும் வாழவில்லை. இதில் யாரும் இல்லை, ஆனால் வாழ்ந்திருக்கிறார்கள். பாதிப் பதில் என்று சொன்னேன். மீதிப் பாதியை இதைப் படிக்கிறவர்கள் யாராவது எழுதட்டும். எனக்கு எதிராகவே எழுதட்டும்.

8

எங்கள் பக்கத்து நிலம் மாறிக்கொண்டிருக்கிறது. பஞ்சப்பூரில் 2025இல் புதிய பேருந்து முனையம் திறந்தார்கள். இரவில் அந்தப் பக்கத்து வானம் இப்போது கறுப்பாக இருப்பதில்லை. ஒரு ஆரஞ்சுக் கலங்கல். ஆதிமூலம் பார்த்திராத ஆரஞ்சு. டிராயிங் மலைக்காரனாலும் டேனியலின் பெட்டியாலும் இதைப் பிடிக்க முடியாது. இதற்கு ஒரு கை வேண்டும். அது எங்கே பழகிக்கொண்டிருக்கிறதோ.

ஒன்றை மட்டும் நம் வட்டத்துக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். நாம் எழுத்தாளர்கள். ஆதிமூலத்திடம் நாம் என்ன கேட்டோம்? அட்டை கேட்டோம். தலைப்பு எழுத்து கேட்டோம். கதைக்கு நடுவே நாலு அங்குல இடத்துக்கு ஒரு கோட்டோவியம் கேட்டோம். அதற்கெல்லாம் காசு கொடுத்தவர்கள் குறைவு. அவர் கொடுத்தார். பதிலுக்கு அவருடைய கித்தான் முன்னால் போய்க் கால் மணி நேரம் நின்றவர்கள் எத்தனை பேர்? நின்று, புரியவில்லை என்றாலும், புரியவில்லை என்று ஒரு பக்கம் எழுதியவர்கள் எத்தனை பேர்? கவிதையில் படிமம், இறுக்கம், மௌனம் என்று நாம் வரிந்து கட்டிக்கொண்டு சண்டை போட்ட அதே வருஷங்களில், நம் அட்டைக்குக் கோடு போட்ட மனிதர் அதே பிரச்னைகளை ஆறடிக் கித்தானில் தீர்த்துக்கொண்டிருந்தார். நமக்கு அது அலங்காரமாகத் தெரிந்தது. இதில் என்னைத்தான் முதலில் சொல்கிறேன்.

போன வாரம் அந்தப் பையனை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மத்தியானம் மூன்று மணி. மலைக்கோட்டையைக் காட்டி, "அது என்ன நிறம்?" என்று கேட்டேன். "பிரவுன்" என்றான், பார்க்காமலே. "பார்த்துச் சொல்லு" என்றேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, "தெரியல தாத்தா" என்றான்.